காலி பாட்டில் கேட்டவனும் விசில் சிஸ்டரும்

காவிரி பாய்கிற இடமெல்லாம் சேர்த்தே சொல்கிறேன், விசில் சிஸ்டருக்குப் பயப்படாத கை ஒன்றுகூடக் கிடையாது. பெரிய டாக்டர் கை, எம்.எல்.ஏ. கை, பிள்ளை பார்க்க வந்த புது அப்பன் கை, எல்லாம் அவரைக் கண்டதும் தானாகக் குழாயடிக்குப் போகும்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் அங்கேதான் சம்பளம். நான் ஸ்டோர் கிளார்க். அவர் பச்சைப் பிள்ளைகள் வார்டுக்கு சிஸ்டர். நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டில் அவர் போடும் கையெழுத்து, சேற்றில் நண்டு நடந்த மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அவருடைய பழைய விசில் ஒன்று சிஸ்டர் கழுத்தில் தொங்கும். கை கழுவாமல் எவராவது வார்டுக்குள் நுழையப் பார்த்தால் வாசலிலேயே ஒரு ஊதல். ஒருமுறை அவர் ஊதியதில் வெளியே ரோட்டில் போன மன்னார்குடி பஸ் நின்று, இரண்டு பேர் இறங்கியும் விட்டார்கள்.

எல்லாம் டென்மார்க்கால் வந்தது. அங்கே ஒரு ஆஸ்பத்திரியும் நாங்களும் கூட்டுச் சேர்ந்தோம். வைத்தியத்துக்கு வந்த இடத்தில் நோயாளிக்குப் புது நோய் தொற்றக் கூடாது, அதற்கான வேலை. அவர்கள் நர்ஸ் இங்கே வருவார், நம் சிஸ்டர் அங்கே போவார், மாதம் ஒருமுறை வீடியோவில் இரண்டு பக்கமும் பேசிக்கொள்வார்கள். சிஸ்டர் மூன்று வாரம் போய் வந்தார். நாங்கள் சாக்லேட்டை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். வந்தது கை கழுவும் படம் போட்ட ஒரு கட்டு போஸ்டர். அதில் ஒன்று கேன்டீன் தோசைக்கல்லுக்கு நேர் எதிரே ஏறியது.

அடுத்து கிர்ஸ்டன் என்ற நர்ஸ் அங்கிருந்து வந்தார். நிலைப்படியில் குனிந்து வரும் உயரம். கையில் வாட்சோடு வார்டுக்குள் கால் வைத்ததும் விசில் பறந்தது.

"மேடம், முழங்கைக்குக் கீழ ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? அதுக்காகக் கல்யாண வளையலையே கழட்டி வச்சேன். எங்க மாமியார் இன்னும் என்கூடப் பேசலை!"

டாக்டர் மொழிபெயர்த்ததும் கிர்ஸ்டன் சிவந்து, சிரித்து, வாட்சைக் கழற்றினார். அதன்பிறகு இரண்டு பேரும் நகமும் சதையும்தான். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் அவரைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போய், டென்மார்க்காரர்கள் அந்தக் காலத்தில் கட்டிய கோட்டையைச் சுற்றிக் காட்டினாராம். திரும்பி வந்ததும் எங்களிடம் ஒரே குறை: "இம்மாம் பெரிய கோட்டை, கை கழுவ ஒரு எடம் இல்லீங்க."

கிர்ஸ்டன் ஊருக்குப் போனதும், தொட்டிலுக்கு ஒன்றாக மாட்டிவைக்கச் சானிடைசர் பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பிவைத்தார். பெட்டிகள் என் ஸ்டோருக்கு வந்தன. இங்கேதான் அடியேனின் திருவிளையாடல். எங்கள் ஸ்டோரில் ஒரு சட்டம் உண்டு, எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன சொத்து: காலி பாட்டிலைக் கொடுத்தால்தான் புதுப் பாட்டில். வார்டு ஆயாம்மா வந்து கேட்டார்.

"காலி எங்கம்மா?"

"இதுதாங்க மொதத் தடவை. காலிக்கு எங்க போறது?"

"மொதத் தடவைன்னாலும் சட்டம் சட்டம்தானே?"

என்னோடு மல்லுக்கட்ட முடியாமல் அவர் போய், "சரக்கு இன்னும் வரலையாம்" என்று வார்டில் சொல்லிவிட்டார். ஆயுத பூஜை வந்தது. பெட்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பீரோவில் பூட்டினேன். அந்தப் பீரோவை ஒரு கிருமியும் அண்டியிருக்காது.

வார்டை அண்டியது. பிள்ளைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ச்சல். இன்னும் ஒரு பிள்ளைக்கு வந்தாலும் வார்டை மூடிவிட்டு எல்லாரையும் தஞ்சாவூருக்கு அனுப்பவேண்டியதுதான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். குடவாசல் பக்கம் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து எடை குறைந்த பிள்ளையை மடியில் போட்டு வருகிறவளுக்கு, அந்தக் கூடுதல் தூரம் உயிர்ப் பிரச்சினை.

அந்த மாத வீடியோவில் கிர்ஸ்டன் கேட்டார், பாட்டில் எத்தனை தீர்ந்தது என்று. அப்போதுதான் ஆயாம்மா உண்மையைச் சொன்னார்.

பத்தாவது நிமிடம் என் மேஜைமேல் ஒரு சாக்கு கவிழ்ந்தது. டானிக் பாட்டில், தேங்காயெண்ணெய் பாட்டில், ஊறுகாய் பாட்டில், யாரோ குடித்துப்போட்ட சோடா பாட்டில்.

"இந்தாங்க சார், காலி."

"சிஸ்டர், இதெல்லாம் வேற பாட்டில்…"

"காலிதானே கேட்டீங்க? உள்ள ஏதாச்சும் இருக்கான்னு பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. ஊதுமுன்னே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

காய்ச்சல் ஒரே நாளில் போய்விடவில்லை. மெல்ல மெல்லக் குறைந்தது, வார்டு பிழைத்தது. இந்தக் கதையைக் கேட்டு டென்மார்க்கில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பிறகு சந்தேகப்பட்டுத் தங்கள் ஸ்டோரைத் திறந்து பார்த்தால், அங்கேயும் ஒரு பீரோ பூட்டிக் கிடந்ததாம்.

மூன்று மாதம் கழித்து என் மனைவிக்கு நாள் நெருங்கும் முன்பே வலி வந்து, ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாக என் மகள் பிறந்தாள். அதே வார்டு. பிறந்த பிள்ளை நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைக்க, என் மாமியார் தேன் கிண்ணத்தோடு வந்து நின்றார். சேனை வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் போட்டி வேறு. சிஸ்டர் குறுக்கே நின்றார்.

"இந்தப் பிள்ளை வாயில இப்ப தேன் படக் கூடாதும்மா. அவ அப்பா நாக்குல வைங்க. உங்க குணம் மொதல்ல இவருக்கு வரட்டும், அப்பறம் பிள்ளைக்குத் தன்னால வரும்."

மாமியாருக்கு இந்த யோசனை ரொம்பவே பிடித்துவிட்டது. முப்பத்திரண்டு வயதில் சேனை வாங்கியவன் இந்த டெல்டாவில் நான் ஒருவன்தான்.

ஒரு காய்ச்சலும் அண்டாமல் பத்தொன்பது நாள் போனது. அன்றுதான் மகளைத் தூக்கச் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். கழுவினேன், மருந்து தேய்த்தேன், ஈரக் கையோடு நின்றேன். தொட்டிலுக்குத் தொட்டில் பாட்டில் தொங்கியது. அவை பீரோவிலேயே இருந்திருந்தால் என்று நினைத்தேன். யாரோ பெற்ற பிள்ளைகள் அன்று காய்ச்சலில் கிடந்தன, நான் சட்டம் பேசிக்கொண்டிருந்தேன். அதை ஒரு வார்த்தை சொல்லிக்காட்ட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை மேலே போனது.

"கையைக் கீழ விடுங்க சார்!" என்று அதட்டினார்.

ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, என் கண்ணை அவரே துடைத்துவிட்டார். பிறகு திரும்பவும் போய் நிதானமாகக் கை கழுவிக்கொண்டு வந்து, என் மகளை என் கையில் வைத்தார்.