மூச்சு விட்ட ஏழாம் குழி

செத்து ஆயிரத்து இருநூறு வருஷம் ஆன ஒருவர் தினமும் காலை பத்து மணிக்கு மூச்சு விடுகிறார் என்றால், கூட்டம் வராமல் இருக்குமா? வந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தது.

கல்குவாரியில் மேல்மண்ணை வழித்தபோது பழைய இடுகாடு ஒன்று வெளிப்பட்டது. பாறையில் வெட்டிய குழிகள் நாற்பத்து மூன்று. குழிக்கு ஓர் எலும்புக்கூடு. தொல்லியல் அதிகாரி வந்தார், அளந்தார், வயதைச் சொன்னார், கயிறு கட்டினார், ஆட்களோடு திரும்பி வருவதாகச் சொல்லிப் போனார். மறுநாளே வந்து சேர்ந்தார் மூச்சு ஐயா. அதற்கு முன் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்.

ஏழாம் குழியில், மண்டையோட்டுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. ஐயா கண்ணை மூடி, "பெரியவரே" என்று கூப்பிடுவார். புஸ்ஸென்று வெள்ளைத் தூசி கிளம்பும். அதை இழுத்தால் எந்த நோயும் பறந்துவிடும். அந்தக் குழியில் செப்பு மோதிரம் ஒன்று கிடைத்திருந்தது. ஆகவே பெரியவருக்குக் காணிக்கையாக மோதிரம்தான் பிடிக்கும். தங்கமென்றால் கூடுதலாகப் பிடிக்கும். (செத்த பிறகு ரசனை வளர்ந்திருக்கிறது.) கல் உடைக்கும் கிரஷர் இரைச்சலோடு ஓடும் நாளில் மட்டும்தான் ஊதுவார். ஞாயிற்றுக்கிழமை கிரஷருக்கு லீவு, பெரியவருக்கும் லீவு. ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முன்வரிசையில் துளைபோடும் தொழிலாளி ஒருவர். இருபது வருஷம் பாறையைத் துளைத்து, அந்தத் தூசியிலேயே நெஞ்சு கெட்டவர். உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார் டாக்டர். இவரோ தூசிக்கு மருந்தாகத் தூசியை இழுத்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவிக்கும் அதே குவாரியில்தான் வேலை. வெடிமருந்து வைத்த துளையின் வாயில் களிமண் உருண்டையைத் திணித்து, மரக்கழியால் இடித்து இறுக்குவாள்.

"எழுந்திருங்க. இன்னும் தள்ளிப்போட்டா உசுருக்கு உத்தரவாதம் இல்லைன்னாரு டாக்டர்."

"இன்னும் நாலு நாள்தான்டி. ஐயா சொல்லியிருக்காரு."

"ஐயாவா எக்ஸ்ரே எடுத்தாரு? ஒரு துளையில காத்தடிச்சா, விரிசல் வழியா இன்னொரு துளையில வரும். உங்களுக்குத் தெரியாததா?"

"அது மெஷின் காத்து. இது பெரியவர் காத்து."

அவள் ஐயாவிடம் திரும்பினாள். "இந்தத் துளையை அடைச்சா பெரியவர் ஊதுவாருங்களா?"

"அவரை மலையே தடுக்காதும்மா."

வாய் நீளம்; சொல்லிவிட்டார். அவள் மடியிலிருந்து களிமண் உருண்டையை எடுத்தாள்.

"ஏய், என்ன பண்றே?" என்றார் ஐயா.

"ஆயிரத்து இருநூறு வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தவருக்கு ஒரு உருண்டை என்ன பெரிசு?" என்று இடித்து இறுக்கினாள். "இப்ப கூப்பிடுங்க."

"பெரியவரே."

ஒன்றுமில்லை.

"பெரியவரே..." குரல் கொஞ்சம் கெஞ்சியது.

குழிக்குப் பின்னால் கட்டியிருந்த தார்ப்பாய் மறைப்பு டமாரென்று பறந்தது. உள்ளே கம்ப்ரசர். பக்கத்தில், கையில் காற்றுக் குழாயோடு, தலை முதல் கால் வரை வெள்ளையாக ஐயாவின் மைத்துனர்.

"அந்தப் பக்கம் அடைச்சிருக்கு போல மாமா," என்று இருமினார். "காத்து திரும்பி என் மூஞ்சியில அடிக்குது."

அவர் சட்டைப் பையில் பெரியவரின் மோதிரங்கள் அத்தனையும் இருந்தன. ஓர் அம்மாள் அப்போதும் அந்தச் சட்டைத் தூசியில் ஒரு சிட்டிகை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். வீணாகக் கூடாதே.

தொழிலாளி மெல்ல எழுந்தார். "சட்டை மாத்திட்டுப் போகலாமா?"

"அப்படியே வாங்க. டாக்டர் உள்ளே இருக்கிறதைத்தான் பார்ப்பாரு."

எலும்புக்கூட்டின் மூச்சைப் பார்க்க முந்நூறு பேர் கூடினோம். உயிரோடிருந்த மனிதனின் மூச்சைப் பார்க்க ஒருத்திதான் இருந்தாள். இன்னொரு குழி எங்காவது ஊதத்தான் போகிறது. முகத்தை நீட்டுவதற்கு முன், பின்பக்கம் போய் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.