ரிப்பன் அவிழாத பெட்டி

எங்கள் க்ராலியெவோ நகரத்தில் ஒரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களுக்கு 'வேண்டியிருக்கும்' இனம் என்று பெயர் வைத்திருக்கிறேன். எந்தப் பொருளை நீங்கள் குப்பைக்கூடையை நோக்கி நகர்த்தினாலும், அவர்கள் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார்கள். "வேண்டியிருக்கும்." எதற்கு, எப்போது, யாருக்கு என்று கேட்காதீர்கள். அவர்களுக்கே தெரியாது.

இவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. துணிக்கொடியைப் பாருங்கள். சட்டைகளுக்கும் உள்ளாடைகளுக்கும் நடுவே, கழுவிய பிளாஸ்டிக் பைகள் கிளிப் மாட்டி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தால், அந்த வீடு அவர்களுடையது. உள்ளே போய் குளிர்பெட்டியின் மேல்தட்டில் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவை ஆசையோடு திறந்தீர்கள் என்றால், சுட்டுத் தோலுரித்த குடைமிளகாய் உறைந்துபோய் உங்களைப் பார்க்கும். பிஸ்கெட் டின்னில் ஊசியும் நூலும் இருக்கும். குளியலறையில் தேய்ந்துபோன பச்சை சோப்பு, புதிய வெள்ளை சோப்பின் முதுகில் ஒட்டிக்கொண்டு சவாரி செய்யும். பற்பசைக் குழாயைக் கத்தரியால் நடுவில் வெட்டித் திறந்து, மேலும் ஒரு வாரம் ஓட்டுவார்கள். எங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்கு வாங்கிய அன்றே பிளாஸ்டிக் தாள் சுற்றினார்கள். டிவி போய் மூன்று வருடம் ஆகிறது. ரிமோட் இன்னும் புத்தம் புதிது.

ஒரு சட்டைக்கு இவர்கள் வீட்டில் மரணம் கிடையாது. பதவி இறக்கம் மட்டும்தான். முதலில் வெளியே போகும் சட்டை, அப்புறம் வீட்டுச் சட்டை, பிறகு தூங்கும் சட்டை, பிறகு தூசி துடைக்கும் துணி, தரை துடைக்கும் துணி, கடைசியில் அப்பா சுவருக்கு வெள்ளையடிக்கும்போது தலையில் கட்டிக்கொள்ளும் துணி. அதற்குப் பிறகாவது விட்டுவிடுவார்களா? பட்டன்களை வெட்டி எடுத்துக்கொள்வார்கள்.

இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால், எல்லாரும் தங்களுக்கு முன்னால் இருந்தவர்களைக் கைகாட்டுவார்கள். அம்மாவுக்கு அவள் மாமியார். மாமியாருக்கு ஒரு போர். போருக்கு முன்னால் ஒரு பஞ்சம். அப்படியே பின்னால் போனால், மரத்திலிருந்து இறங்கிய முதல் குரங்கு அந்தக் கிளையைக் கையோடு கொண்டுவந்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஆனால் இந்த இனத்தின் உச்சகட்டத் திறமை சாக்லெட் பெட்டியில்தான் தெரியும். எங்கள் ஊரில் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போக முடியாது. டாக்டரிடம் போனாலும், டீச்சரிடம் போனாலும், பக்கத்து வீட்டுக்காரர் படியில் இருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாலும், ரிப்பன் கட்டிய ஒரு சாக்லெட் பெட்டி போக வேண்டும். வாங்கியவர் அதைப் பிரிப்பாரா? பிரிக்க மாட்டார். அலமாரியின் மேல் வைப்பார். அடுத்து எங்கே போகிறாரோ அங்கே அதைக் கொண்டுபோவார். அதனால் எங்கள் ஊர்ப் பெட்டிகள், எங்கள் ஊர் மனிதர்களைவிட அதிகம் பயணம் செய்தவை.

இப்போது என் அம்மா ரதோய்காவுக்கு வருகிறேன். இந்த வருடம் நான் பள்ளி முடித்தேன். தலைநகர் பெல்கிரேடில் வனவியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அசல் பள்ளிச் சான்றிதழை நேரில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், பட்டியலில் எனக்கு அடுத்து இருப்பவருக்கு என் இடம் போய்விடும். புதன்கிழமை மாலை ஐந்து மணி பஸ்ஸில் கிளம்பி அத்தை வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. புதன்கிழமை மதியம் நான் பெட்டி கட்டிக்கொண்டே கேட்டேன்.

"அம்மா, சான்றிதழ் எங்க?"

"நல்ல எடத்துல இருக்கு."

இந்த இனத்தார் 'நல்ல இடம்' என்று சொன்னால் பயப்படுங்கள். அம்மா நாற்காலி போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டைத் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"இங்க ஒரு பெட்டி இருந்துச்சே. ரோஜாப்பூ படம் போட்டது."

சோபாவில் இருந்து அப்பா கேட்டார். "தங்கக் கலர் ரிப்பன் கட்டினதா?"

"ஆமா."

"அத நான் திங்கக்கிழமையே பல் டாக்டரம்மாவுக்குக் கொடுத்துட்டேன்."

அம்மா நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சான்றிதழை ஃபைலில் வைத்தால் மடங்கும், பெட்டியில் வைத்தால் மடங்காது என்று காலிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். ஈரம் படாமல் இருக்க மேலே இருந்த கண்ணாடித் தாளையும் பழையபடி சுற்றியிருக்கிறாள். ரிப்பனைக் கழற்றவே இல்லை, ஓரமாக நழுவவிட்டு மறுபடி ஏற்றியிருக்கிறாள்.

"தூக்குறப்பவே தெரியலையா திஹோமிர் உனக்கு?" என்று கேட்டாள்.

"கனமாத்தானே இருந்துச்சு. குலுக்கிக்கூடப் பாத்தேன். சத்தம் வந்துச்சு."

"அது பட்டன்."

"பிரிச்ச பெட்டி மாதிரியே தெரியலையே ரதோய்கா."

"தெரியாது," என்றாள் அம்மா. என் எதிர்காலமே போகப்போகிற அந்த நேரத்திலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. "பிளேடு வச்சு அடிமடிப்புல மட்டும்தான் பிரிப்பேன்."

நானும் அம்மாவும் பல் டாக்டரிடம் ஓடினோம். அவர் ஒருவருடைய வாய்க்குள் பாதி இறங்கியிருந்தார்.

"அந்தப் பெட்டியா? நேத்து இங்க கைகழுவுற குழாய் ஒழுகிச்சு. மாஸ்டர் வுகாஷின் வந்து சரி பண்ணாரு. அவருக்குக் கொடுத்துட்டேன்."

"நீங்க ஒண்ணுகூட எடுத்துச் சாப்பிடலையா டாக்டர்?" அம்மாவுக்கு உண்மையாகவே வருத்தம்.

"நான் பல் டாக்டர். நானே சாக்லெட் தின்னா என்னம்மா அர்த்தம்?"

"நல்ல சாக்லெட்டு, டாக்டர்," என்றாள் அம்மா, உள்ளே இருந்தது பட்டன் என்பதையே மறந்து.

"நல்லதுன்னுதான் அவருக்குக் கொடுத்தேன்."

வாயைத் திறந்தபடி இருந்தவர் ஏதோ சொன்னார். எங்களை வெளியே போகச் சொல்லியிருப்பார்.

மாஸ்டர் வுகாஷின் ஆற்றோரக் கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். கதவைத் திறந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, இவரும் அதே இனம். பால்கனியில் கழற்றிய பழைய குழாய்கள் உயர வரிசைப்படி நின்றுகொண்டிருந்தன. ஒன்றில்கூடத் தண்ணீர் வராது. வேண்டியிருக்கும். எங்கள் பெட்டி அலமாரியின் மேல், ரிப்பன் அவிழாமல், ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. மணி மூன்றே முக்கால்.

"அது வெள்ளிக்கிழமைக்கு எடுத்து வச்சது," என்றார் அவர். "என் ஞானத்தகப்பனார் வீட்டுக்குப் போறேன்."

"அதுக்குள்ள என் பொண்ணோட சான்றிதழ் இருக்கு மாஸ்டர்."

அவர் பெட்டியை எடுத்துக் காதருகே குலுக்கினார். "சாக்லெட்டு சத்தந்தானேம்மா கேக்குது."

"பட்டன், மாஸ்டர். முப்பத்தி நாலு பட்டன். கோட்டுப் பட்டன் தனியா அஞ்சு."

அவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை கூடியிருந்தது. ஆனாலும் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இருக்கட்டும். ஆனா வெள்ளிக்கிழமை நான் வெறுங்கைய வீசிட்டா போறது? வேற ஒண்ணு கொடுங்க, இத எடுத்துக்கோங்க."

நான் கெஞ்சினேன். பஸ்ஸைச் சொன்னேன், பன்னிரண்டு மணியைச் சொன்னேன். "அதுக்குத்தான் சொல்றேன், சீக்கிரம் ஓடிட்டு வா பொண்ணு," என்றார் அன்பாக. வீட்டுக்கு ஓடினேன். கட்டிலுக்கு அடியில் அம்மா பெரிய காரியத்துக்காகப் பதுக்கிய இன்னொரு பெட்டி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க மூன்று மாடி ஏறியபோது மணி நாலு இருபது.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு, பெட்டியின் அடியில் அச்சிட்டிருந்ததை நிதானமாகப் படித்தார்.

"இது தேதி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சேம்மா."

நான் மணியைப் பார்த்தேன். அம்மா அசரவில்லை.

"உங்க ஞானத்தகப்பனார் பிரிக்கவா போறாரு?"

மாஸ்டர் யோசித்தார். சுவரைப் பார்த்து, நேர்மையாக, நீண்ட நேரம் யோசித்தார்.

"மாட்டாரு," என்றார். "அவர் எதையும் பிரிச்சு நான் பாத்ததே இல்ல."

பெட்டி கைமாறியது. நான் ரிப்பனைப் பிடித்து இழுக்கப் போனேன். "கிழிச்சிடாதம்மா," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அம்மா கைப்பையில் இருந்து பிளேடை எடுத்து, பஸ்ஸுக்கு முப்பது நிமிடம் இருக்கும்போது, கண் ஆபரேஷன் செய்கிற டாக்டர் மாதிரி அடிமடிப்பைப் பிரித்தாள். மாஸ்டர் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்தார். உள்ளே என் சான்றிதழ் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் படுத்திருந்தது. அதன் கீழே முப்பத்தி நாலு பட்டன்களும், கோட்டுப் பட்டன்கள் ஐந்தும். அதற்கும் கீழே, எப்போதோ எடைக்குப் போட்ட எங்கள் துணி துவைக்கும் இயந்திரத்தின் உத்தரவாதச் சீட்டு.

"மெஷினே இல்லையே அம்மா, இது எதுக்கு?"

பதில் சொன்னது அம்மா இல்லை. மாஸ்டர்.

"வேண்டியிருக்கும்."

பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். வழியெல்லாம் அவர்களைப் பற்றி நினைத்துச் சிரித்தேன். நான் வேறு தலைமுறை, என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு விளக்கு, அவ்வளவுதான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்குக் கல்லூரிக் கவுன்டரில் இருந்த பெண்மணி, என் சான்றிதழை, நான் போட்டுக் கொண்டுவந்த பிளாஸ்டிக் உறையில் இருந்து உருவி எடுத்து முத்திரை குத்தினார். இடம் எனக்கு உறுதியாகிவிட்டது. நியாயமாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலி உறை மேஜைக்கு அடியில் போவதைப் பார்த்ததும், என் கை கவுன்டருக்குள் பாய்ந்து அதன் ஒரு முனையைப் பிடித்துவிட்டது.

"அத எறியாதீங்க மேடம்."

"ஏம்மா?"

வேறு என்ன சொல்வேன்? அந்த வார்த்தைதான் வந்தது. அவர் மேஜையின் கீழ் இழுப்பறையை லேசாகத் திறந்து காட்டினார். உள்ளே நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் உறைகள், அளவு வாரியாக அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு வைக்கப்பட்டிருந்தன.

"யாரு எறியப் போனா?" என்றார். தன் பக்கத்து முனையை அவர் விடவில்லை. நானும் விடவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் சமையலறையில், பைகளை அடைத்து வைக்கவென்றே ஒரு பை தொங்கவில்லையா? அதை விடுங்கள், உங்கள் வீட்டு அலமாரியின் மேலே, யாரோ எப்போதோ கொடுத்த ஒரு பெட்டி ரிப்பன் அவிழாமல் இருக்கிறதே, அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். குலுக்கினால் சத்தம் வருகிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.