வாளியரும் காணாமல் போன கொழுப்பும்

லண்டனில் தமிழர்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி முழு உண்மையும் தெரிந்த மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் அந்தக் கடைகளில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. எங்கள் ஆட்கள் அவரை வாளியர் என்று கூப்பிடுவார்கள்.

சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை. இரண்டு நீல வாளிகளோடு வருவார், இரண்டு நீல வாளிகளோடு போவார். பட்டப்பெயர் வைக்க எங்களுக்கு அவ்வளவு போதும். தொழில், கிரீஸ் ட்ராப் துப்புரவு. கடைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். கழுவிய தண்ணீர் அதற்குள் போய்ச் சற்று நின்று ஆறும். எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதந்து பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும், தண்ணீர் மட்டும் சாக்கடைக்குப் போகும். தங்கியதை வாரம் ஒருமுறை யாராவது அள்ள வேண்டும். அந்த மூடியைத் திறந்ததும் வரும் வாசத்தை நான் சரியாக எழுதிவிட்டால் இந்தப் பத்திரிகையை நீங்கள் வாசலுக்கு வெளியே வைத்துத்தான் படிக்க வேண்டிவரும்.

அந்த வேலைக்கு வாளியர் டை கட்டிக்கொண்டு வருவார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் நீல ஓவரோல், கழுத்தில் மெரூன் டை. ஒருமுறை ஏன் என்று கேட்டுவிட்டேன்.

"பாங்கில வேலை செய்யிறவன் கட்டுறான். அவனைவிட நான் என்ன குறைவான விசயமோ பாக்கிறன்?" என்றார்.

மூடியைத் திறந்து ஒருமுறை ஆழமாக மணப்பார். பிறகு தீர்ப்பு வரும். கிங்ஸ்பரியில் ஒரு கடைக்காரர் எல்லாம் நல்லெண்ணெய்ச் சமையல் என்று கண்ணாடியில் எழுதி வைத்திருந்தாராம். "தம்பி, நல்லெண்ணெய் இப்பிடி உறையாது. அந்த எழுத்தை அழியும், இல்லாட்டி எண்ணெயை மாத்தும்" என்றாராம் வாளியர். இன்னொன்று சுத்த சைவக் கடை. மணந்தவர் மூடியைத் திரும்ப வைத்துவிட்டு முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டார். "உம்மட கடை சைவம். உம்மட பெட்டி சைவமில்லை." முதலாளி கோயில் சத்தியமெல்லாம் செய்தார். கடைசியில் பார்த்தால், திங்கட்கிழமை தோறும் வேலையாட்கள் தங்களுக்கென்று பின்பக்கம் ஆட்டுக்கறி சமைத்திருக்கிறார்கள். எந்தக் கடை என்று நான் எவ்வளவு கெஞ்சியும் வாளியர் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் மனிதர் இரும்பு.

இவ்வளவும் தெரிந்தவர் எப்படி வெளியில் சாப்பிடுவார்? தேநீர்கூட வீட்டு ஃபிளாஸ்க்கில்தான். இல்ஃபோர்டில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், சமையல் யாருடையது என்று மெல்ல விசாரித்தார். பதில் வந்ததும் ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அதைப் பார்த்த எங்கள் மேசைக்காரர் எட்டுப் பேரும் வடையை வாயருகில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு பசி வென்றது.

எனக்கு லண்டனின் சட்டன் பகுதியில் ஒரு சின்னக் கடை. சோறும் கறியும் தவிர வேறொன்றும் பெரிதாகக் கிடையாது. சின்னராசா என்ற சமையற்காரர் வந்து சேர்ந்த பிறகுதான் மதியத்தில் வாசலில் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். அதுவரை ரைஸ் குக்கரில் வெந்துகொண்டிருந்த சோற்றை, அவர் பெரிய பானையில் வேகவைத்துக் கஞ்சி வடித்துப் பூப்போல ஆக்கினார். நான் காற்றில் நடந்துகொண்டிருந்தேன்.

அவர் வந்த ஆறாவது வாரம் பக்கத்துச் சலூனில் தலைமுடி கழுவும் இடத்தில் சாக்கடைத் தண்ணீர் மேலே வந்தது. சலூன்காரப் பெண்மணி கையில் துவாயோடு வந்து நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மறுநாள் கவுன்சில் அதிகாரி வந்தார். மிக மரியாதையான மனிதர். என் கிரீஸ் ட்ராப்பைத் திறந்து பார்த்து, சுத்தமாக இருக்கிறதே என்று அவரே ஆச்சரியப்பட்டார். ஆனாலும் அடைப்பு என் பக்கத்துக் குழாயில்தான் என்றார். வெள்ளிக்கிழமை திரும்ப வருவாராம். அதற்குள் சரியாகாவிட்டால், சரியாகும்வரை சமையலறையை மூட வேண்டுமாம். இதைச் சிரித்த முகத்தோடு சொன்னார். எங்கள் மாதிரிக் கடை இரண்டு வாரம் மூடினால் பிறகு திறக்காது.

செவ்வாய் மூன்று மணிக்கு வாளியர் வந்தார். பெட்டி சுத்தமாக இருப்பதற்குப் பாராட்டுக் கிடைக்கும் என்று நானும் சின்னராசாவும் பக்கத்தில் போய் நின்றோம். அவர் திறந்தார். மணந்தார். நிமிர்ந்தார்.

"எங்க என்ர கொழுப்பு?"

"என்ன அண்ணை?"

"கிழமைக்கு ரெண்டு வாளி தாற பெட்டி இது. கொஞ்ச நாளா குறைஞ்சுகொண்டு வருது. இண்டைக்கு அரை வாளியும் இல்லை." அவர் குரல் கம்மியது. "வேற ஆளை வச்சிட்டீரோ? வச்சால் வச்சதெண்டு சொல்லியிருக்கலாம் தம்பி."

பிள்ளையார்மேல் ஆணையாக இல்லை என்றேன். வெள்ளிக்கிழமை விவகாரத்தையும் சொன்னேன். அவர் டையைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப கொழுப்பு தானா எழும்பி எங்கயோ போகுது. நாளைக்கு வாறன். நான் கண்டுபிடிக்கிறன்."

புதன் காலை பத்து மணிக்கு மடக்கு நாற்காலியோடு வந்து தொட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். ஃபிளாஸ்க்கைக் காலடியில் வைத்துக்கொண்டு, தொட்டியில் விழும் ஒவ்வொரு பாத்திரத்தையும் முறைத்தார். கோப்பை கழுவுகிறவர் பயத்தில் ஒரே தட்டை மூன்று தரம் கழுவினார். பதினொன்றரைக்குச் சின்னராசா பானை வாயைத் துணியால் இறுக்கிப் பிடித்து, தொட்டிப் பக்கம் சரித்தார். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி தொட்டிக்குள் இறங்கியது.

"நிப்பாட்டும்!" வாளியர் எழுந்த வேகத்தில் நாற்காலி தானாகவே மடிந்துவிட்டது.

"பாதியில நிப்பாட்ட ஏலாது அண்ணை, சோறு குழைஞ்சு போம்!" என்றார் சின்னராசா, ஆவிக்குள்ளிருந்து.

முழுக்க வடித்து முடியும்வரை வாளியர் தலையில் கைவைத்து நின்றார். பிறகு எங்களுக்கு விளக்கினார். "உந்தக் கொதிகஞ்சி பெட்டிக்க கிடக்கிற கொழுப்பை எல்லாம் உருக்கிக் கூட்டிக்கொண்டு போகுது. ரோட்டுக்குக் கீழ குளிர் பட்டவுடன ரெண்டும் சேர்ந்து இறுகிப்போகுது. பசையும் நீங்களே குடுக்கிறியள்."

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், கஞ்சி ஊற்றிய பிறகு தொட்டி பளபளக்கிறது என்று சின்னராசாவை மெச்சியதே நான்தான். இப்போது மெதுவாக, குக்கருக்குத் திரும்பலாமா என்று இழுத்தேன். சின்னராசா ஏப்ரனின் முடிச்சில் கை வைத்தார்.

"வடிக்காத சோறு எனக்குச் சமைக்கத் தெரியாது. அது வேணுமெண்டால் நான் இண்டைக்கே போறன்."

கஞ்சி போனால் சமையற்காரர் போவார், கஞ்சி இருந்தால் கடை போகும். நான் வாளியரைப் பார்த்தேன்.

"வடிக்க வேண்டாமெண்டு ஆர் சொன்னது?" என்றார் அவர். "என்ர பெட்டிக்க வடிக்க வேண்டாம். ஒரு சருவச் சட்டியில வடிச்சு ஆற விடும். மிச்சத்தைச் சாப்பாட்டுக் குப்பையோட சேத்து அனுப்பலாம்."

வியாழக்கிழமை முழுதும் அவர் நடைபாதையில் குப்புறப் படுத்துக் கிடந்தார். டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, வளையும் கம்பிகளை ஒன்றோடொன்று பூட்டிக் குழாய்க்குள் விட்டுக் குத்தினார். நான்கு வாளி வந்தது. தேங்காய்ச் சில்லுப்போல் வெள்ளையாக, கல்லுப்போல் இறுகி. "இதுதான் என்ர கொழுப்பு" என்று தொலைந்த பிள்ளையைக் கண்டவர்போல் எனக்குக் காட்டினார். மாலையில் சலூன்காரப் பெண்மணி அவருக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். வாளியர் மிகப் பணிவாக மறுத்து ஃபிளாஸ்க்கைக் காட்டினார்.

வெள்ளி மதியம் அதிகாரி வந்தார். வாளியரும் அழைக்காமலே வந்து நின்றார். குழாயில் தண்ணீர் தங்கு தடையின்றி ஓடியது. பெட்டியில் இருக்க வேண்டிய கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விடும்போது, அடுப்பருகே சருவத்தில் கலங்கலாக நின்ற கஞ்சியை அதிகாரி கண்டார். கழிவுத் தண்ணீரைச் சமையல் இடத்தில் ஏன் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு ஆங்கிலம் முழுவதும் அந்த நொடியில் மறந்துபோனது. சின்னராசாவுக்கு முன்பும் தெரியாது.

"நோ வேஸ்ட், சேர். சூப்" என்றார் வாளியர்.

அதிகாரி நம்பவில்லை. அது முகத்தில் தெரிந்தது.

வாளியர் ஒரு டம்ளரை எடுத்தார். சருவத்தில் கரண்டி விட்டு ஊற்றினார். உப்பு ஒரு கிள்ளு போட்டார். கடைத் தண்ணீர்கூடத் தொடாத மனிதர், கல்யாண வீட்டில் வாழைப்பழத்தோடு எழும்பின மனிதர், என் சமையலறையில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று குடித்தார். அதிகாரி தலையாட்டி, தாளில் ஏதோ குறித்து, கைகொடுத்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் வாளியர் சின்னராசா பக்கம் திரும்பினார்.

"நான் உப்புப் போட்டும் காணாது. அடுத்த முறை கொஞ்சம் கூடப் போடும்."

அடுத்த வெள்ளி மதியமும், துப்புரவு நாளாக இல்லாவிட்டாலும், அவர் வந்தார்; ஒரு டம்ளர் தயாராக இருந்தது. குடித்தார். அதற்கடுத்த வெள்ளியும். வேறெந்தக் கடையிலும் அல்ல, என் கடையில் மட்டும், கஞ்சி மட்டும். எங்கள் சுவரில் ஒரு விருதும் இல்லை. எனக்கு அதுவே பெரிய விருது.

இப்போது முழங்கால் மடங்காமல் வாளியர் வேலையை விட்டுவிட்டார். கடைக்கு ஒரு கம்பனியின் லொறி வந்து நீளக் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு போகிறது. யாரும் மணந்து பார்ப்பதில்லை. வெள்ளிதோறும் நான் ஒரு ஃபிளாஸ்க் கஞ்சியோடு அவர் வீட்டுக்குப் போகிறேன். வீட்டிலும் டை கட்டியிருக்கிறார். மூடியைத் திறந்து, ஆழமாக மணந்து, நிமிர்ந்து பார்க்கிறார்.

"சின்னராசா இண்டைக்கு அவசரத்தில வடிச்சிருக்கிறான். கடையில சனம் கூடவோ?"

"ஓம் அண்ணை, கூட" என்கிறேன். சனம் குறைவான நாட்களிலும் அப்படித்தான் சொல்கிறேன். அவருக்கு அது பொய்யென்று தெரியும், மணத்திலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் எனக்காக அதையும் குடித்துவிடுகிறார்.