பசை சாரும் நானூற்றுப் பன்னிரண்டு வரிசை எண்களும்

பிரிவு உபசார விழாவுக்கு வந்திருந்தவர்கள்: தலைமையாசிரியை, ஆசிரியர்கள் பத்தொன்பது பேர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், சத்துணவு அம்மாக்கள் இரண்டு பேர், மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள் நானூற்றுப் பன்னிரண்டு பேர், மிக்சர் வாசனைக்கு வந்த நாய் ஒன்று. வராதவர்: யாருக்காக விழாவோ அவர். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டு, "அத மறைச்சாத்தான் உள்ள வருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பசை சாரைப் போல ஒரு ஆள் தர்மபுரி மாவட்டத்தில் இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தாலும், பிறந்த தேதியை யாருக்கும் சொல்ல மாட்டார்.

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவர் கிளார்க். அவருக்குப் பெயர் உண்டு. அதை அனுமதியில்லாமல் இங்கே எழுதினால் என்னிடம் விளக்கம் கேட்பார் என்பதால் பசை சாரோடு நிறுத்திக்கொள்கிறேன். அவருக்குக் கொள்கை இரண்டே இரண்டு. பள்ளிக்கூடத்துக்குள்ளே எந்தக் கட்சியும் வரக்கூடாது. பிள்ளைகளைப் பற்றிய எந்தச் சேதியும் வெளியே போகக்கூடாது. இரண்டுக்கும் ஆயுதம் ஒன்றுதான்: மைதாப் பசை. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு அவரே காய்ச்சுவார். பழைய ஊறுகாய் ஜாடியில் பசை, கக்கத்தில் பிரவுன் ஷீட் சுருள், காதில் பென்சில். இந்தக் கோலத்தில் அவர் வராண்டாவில் வந்தால், எதையோ மறைக்கப் போகிறார் என்று அர்த்தம்.

தமிழ் ஐயா ஒருமுறை யாரோ கொடுத்த கட்சிக் காலண்டரை ஆசிரியர் அறையில் மாட்டிவிட்டார். மறுநாள் பார்த்தால் தலைவர் முகம், கொடி, சின்னம் எல்லாம் பிரவுன் ஷீட்டுக்கு அடியில். அமாவாசையும் ராகுகாலமும் மட்டும் மிச்சம். பைகளில், நோட்டுகளில், ஜாமெட்ரி பாக்ஸில் யார் படம் வந்தாலும் இதே கதிதான். ஆட்சி மாறினால் படம் மாறும், சாருடைய பசை மாறாது. தேர்தல் நேரத்தில் படங்களை மறைக்க அதிகாரிகள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "ஏங்க, நாங்க எதுக்குங்க வந்தோம்?" என்று டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

கரை வேட்டிக்குப் பசை ஒட்டாது. அதனால் பீரோவில் கரையில்லாத நாலு முழ வேட்டி ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். கட்சிக் கரையோடு யார் வந்தாலும், "அண்ணா, அந்த ரூமுல போயி மாத்திக்கிட்டு வந்துருங்க. போறப்ப உங்களுது பத்திரமா இருக்கும்" என்பார். சிரித்துக்கொண்டு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு, சண்டை போட்டுவிட்டு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. மாற்றாமல் உள்ளே போனவர் கிடையாது.

இரண்டாவது கொள்கை இதைவிட மோசம். ஒரு நாள் தபால்காரர், "சார், இந்தப் பேருல பத்தாவதுல பையன் இருக்கானா?" என்று கேட்டார்.

"அப்படி ஒரு மாணவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

"சார், நான்தான் சார் அது" என்றான் பக்கத்தில் நின்ற பையன்.

"நீ சொல்லலாம். நான் சொல்ல முடியாது."

அவருடைய மகனும் அதே பள்ளியில்தான் படித்தான். அரையாண்டு மார்க்கைக் கேட்ட சம்சாரத்திடம், "மனு எழுதிக் குடு, பரிசீலிக்கறேன்" என்றிருக்கிறார். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அந்த அம்மா தட்டில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார்களாம். "சோறு வேணும்னா நீங்களும் மனு குடுங்க." அவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார், கீழே கையெழுத்தோடு.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் அவர் வருவதற்கு முந்தைய வருடம், நான் ஏழாவது படித்தபோது, "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்திரிங்க" என்பார் வாத்தியார். நிற்கவைத்து, பெயர், சாதி, அப்பா தொழில் என்று சத்தமாகப் படித்துச் சரிபார்ப்பார். என் அப்பா காரிமங்கலம் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அந்த வருடம் முழுக்க என் பெயர் 'மூட்டை'. எட்டாவதில் பசை சார் வந்தார். படிவம் கொடுக்கிற நாளில் வகுப்பில் நாற்பது பேருக்கும் ஒட்டிய கவர் வந்தது. ஸ்காலர்ஷிப் உள்ளவர்களுக்கு உள்ளே படிவம். இல்லாதவர்களுக்கு 'நல்லாப் படி' என்று ஒரு சீட்டு. யார் கவரில் என்ன என்று யாருக்கும் தெரியாது. ரைஸ் மில்காரர் மகன் மட்டும், "எனக்கு வெறும் நல்லாப் படிதான் வந்துருக்குது" என்று அழுதுகொண்டே எல்லோரிடமும் காட்டினான். அதற்கப்புறம் நான் வகுப்பில் பாடம் ஒப்பிக்கத்தான் எழுந்து நின்றேன்.

டிகிரி முடித்ததும் அதே பள்ளியில் எனக்குத் தற்காலிகமாக கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. சம்பளம் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து. எங்கள் வம்சத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். கூலிக்குப் புளி தட்டப் போகிற இடத்திலெல்லாம் அம்மா, "எம் பையன் ஆபீசுல கம்ப்யூட்டருங்க" என்று சொல்லிச் சொல்லி, புளிக்கே அது தெரிந்துவிட்டது.

வேலை போட்டுக்கொடுத்த கழகத் தலைவர் ஒரு நாள் என் மேஜையில் கையை ஊன்றினார். அவருக்கு ஒரு கட்சி உண்டு. உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிற ஆசையும் உண்டு.

"தம்பி, பசங்களோட அப்பா அம்மா போன் நம்பரு எல்லாத்தையும் ஒரு லிஸ்டா எடுத்துக் குடு. சாதிக் கட்டத்தையும் சேத்து."

"எதுக்குங்கண்ணா?"

"பரீட்சைக்கு வாழ்த்துச் சொல்லத்தான்."

பரீட்சை வாழ்த்துக்கு எதற்குச் சாதி என்று கேட்க வாய் வந்தது. புளி தட்டுகிற அம்மா ஞாபகமும் கூடவே வந்தது. பதினாலு பக்கம் பிரிண்ட் எடுத்தேன். பசை சார் எதிர் மேஜையிலிருந்து பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வருகிறேன், ஆபீஸ் முழுக்க மைதா வாசனை. பட்டியல் ஒரு பெரிய கவரில் மூடி ஒட்டி மேஜைமேல் இருந்தது.

மூன்று மணிக்குத் தலைவர் வந்து கவரைக் கிழித்தார்.

"என்னய்யா இது?"

"பட்டியலுங்க" என்றார் பசை சார். "ஒண்ணுல இருந்து நானூத்திப் பன்னெண்டு வரைக்கும் ஒரு வரிசை நம்பரு வுடாம இருக்குதுங்க."

"பேரு எங்க?"

"அடியில இருக்குதுங்க."

"போன் நம்பரு?"

"அதும் அடியிலதாங்க. பத்திரமா இருக்குது."

தலைவர் நகத்தால் சுரண்டினார். மயில்துத்தப் பசை. பிரவுன் ஷீட்டோடு சேர்ந்து நம்பரும் பிய்ந்து வந்தது. டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஜன்னல் வெயிலில் காட்டினார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பையனுக்குச் சம்பளம் யாரு குடுக்கறா? நாளையில இருந்து வராதன்னு சொல்ல எனக்கு ஒரு நிமிசம் ஆவாது."

"தம்பி எடுத்துக் குடுத்துட்டாப்ல. ஒட்டுனது நானுங்க. என்னையப் பத்தி மேல எழுதிப் போடுங்க. வெள்ளைத்தாள் வேணுங்களா?"

நிஜமாகவே ஒரு தாளை எடுத்து நீட்டினார். காதிலிருந்த பென்சிலையும் எடுத்து நீட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

"அண்ணா, ஒரு சேதிங்க. போன மாசம் உங்களுக்கு எதிரா நிக்கப்போற ஆளு இங்க வந்தாருங்க. உங்க பொண்ணு கணக்குல எவ்ளோ மார்க்குன்னு கேட்டாருங்க. டீக்கடையில சொல்லிச் சிரிக்கறதுக்குங்க."

தலைவர் முகம் மாறியது. "இவரு என்ன சொன்னாரு?"

"அப்படி ஒரு மாணவி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு சொன்னாருங்க."

தலைவர் கொஞ்ச நேரம் கையிலிருந்த பதினாலு பக்கத்தையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார்!

"எம் பொண்ணு இங்க படிக்குதான்னே அவனுக்குச் சொல்லலியாய்யா நீ?"

"உங்களுக்கே சொல்லலைங்களே" என்றார் பசை சார். "மார்க்குக்கு மனு குடுக்கச் சொன்னனே, இன்னும் வரல." அப்புறம் என்னைப் பார்த்து முறைத்தார். "எவன் வந்து கேட்டாங்கறதையும் நீ சொல்லியிருக்கக் கூடாது."

தலைவரே அந்தப் பதினாலு பக்கத்தையும் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். என் வேலை தப்பியது. (அந்தப் பெண்ணிடமும் அவள் அப்பாவிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மார்க் மட்டும் சொல்ல மாட்டேன்.)

இப்போது சாருக்குப் பதவி உயர்வு. தொப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போகிறார். தலைவர் பாசத்தில் ஒரு பிளக்ஸ் அடித்துவிட்டார். பதினைந்தடி பிளக்ஸில் பத்தடிக்குத் தலைவர் கும்பிடுகிறார். சுற்றிலும் கட்சி வண்ணம். மூலையில் தபால்தலை அளவுக்குப் பசை சார். அதனால்தான் புளியமரத்தடி.

"யோவ், நானே கரையில்லாத வேட்டி கட்டிக்கிட்டு வந்துருக்கேன் பாருய்யா!" என்றார் தலைவர் கேட்டருகே போய்.

"வேட்டிக்கு நன்றிங்கண்ணா. பிளக்ஸு?"

சத்துணவுக்கூட அடுப்பில் பசை காய்ச்சினோம். தலைவரே ஏணியில் ஏறித் தன் முகத்தின்மேல் தானே பிரவுன் ஷீட் ஒட்டினார். பிள்ளைகள் கைதட்டிய கைதட்டலில் நாய் மிக்சரை விட்டுவிட்டு ஓடியது. மிச்சமிருந்தது மூலையில் அந்தத் தபால்தலைப் படம் மட்டும்.

"அது யாரக் கேட்டுப் போட்டீங்க?" என்றது புளியமரத்தடி.

அதையும் மறைத்தோம். ஒரு எழுத்து, ஒரு முகம் இல்லாமல் பதினைந்தடிக்கு வெறும் பிரவுன். அதற்குக் கீழே வந்து உட்கார்ந்தார் பாருங்கள், அப்படி ஒரு திருப்தி அவர் முகத்தில்!

கடைசியில் நான் போய் ஒட்டிய கவர் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். மேலே பெயர் எழுதவில்லை. அவரும் என்னவென்று கேட்கவில்லை. ஒட்டு சரியாக இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளே என்ன எழுதினேன் என்று நீங்கள் மனு கொடுத்தாலும் சொல்வதாக இல்லை.

மைதா, மயில்துத்தம், பிரவுன் ஷீட் எல்லாம் சேர்த்து இருநூற்று நாற்பது ரூபாய், அது தலைவர் கணக்கு. கவர் ஒரு ரூபாய், அது என்னுடையது.