தம்பியின்ர கல்யாணத்துக்கு நான் ஐஸ் வச்ச கதை

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பம்பலப்பிட்டியில ஒரு மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு போய் கொட்டாஞ்சேனையில ஒரு சேர்ச்சில குடுக்கிறது.

அவ்வளவுதான். ஆராலயும் பிழை விட ஏலாத வேலை எண்டுதான் வீட்டில ஓம் எண்டவை.

கல்யாணம் என்ர தம்பி கோகுலனுக்கு. நாங்கள் வெள்ளவத்தை, சைவம். பொம்பிளை டிலானி கொட்டாஞ்சேனை, கத்தோலிக்கம். ரெண்டு பேரும் ஒரே ஒஃபிஸ். அவன் மூண்டு வருசம் கெஞ்சினதில அம்மா ஒருமாதிரி ஓம் எண்டவ. "சரி, சேர்ச்சிலயே நடக்கட்டும். பிள்ளை நல்ல பிள்ளை" எண்டவ.

பிரச்சினை வந்தது போன கிழமை, ஒத்திகையில.

ஃபாதர் ரெண்டு வீட்டு ஆக்களையும் முன்வாங்கில இருத்தி, கல்யாணத்தில செய்யிற ஒவ்வொண்டுக்கும் என்ன கருத்து எண்டு ஆறுதலாச் சொன்னார்.

"மோதிரத்துக்குத் தொடக்கமும் இல்ல, முடிவும் இல்ல. கடவுளின்ர அன்பும் அப்பிடித்தான்."

அம்மா தலையாட்டினா.

"தகப்பன் மகளின்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறது, ஒரு வீட்டுப் பாசத்தை மற்ற வீட்டிட்ட ஒப்படைக்கிறது."

"எங்கட தாரை வார்க்கிறது மாதிரி" எண்டு அம்மாவுக்கு நல்ல சந்தோசம்.

"வெள்ளை உடுப்பு தூய்மைக்கு அடையாளம்."

அம்மா என்ர காதுக்குள்ள வந்தா. "எங்கட பக்கத்தில வெள்ளைக்கு வேற கருத்தடி."

"அம்மா, சும்மா இருங்கோ!"

பிறகு ஃபாதர் மெழுகுதிரிக்கு வந்தார்.

"ரெண்டு அம்மாமாரும் ஆளுக்கொரு சின்னத் திரி கொளுத்துவினம். அதை வாங்கி மாப்பிளையும் பொம்பிளையும் நடுவில இருக்கிற பெரிய திரியைக் கொளுத்துவினம். அதுக்குப் பிறகு சின்னது ரெண்டையும் ஊதி அணைக்கிறது. இனி ரெண்டு இல்ல, ஒண்டு."

அம்மா எழும்பி நிண்டா.

"விளக்கை ஊதி அணைக்கிறதோ? கல்யாணத்திலயோ?"

டிலானியின்ர அம்மா, ரெஜினா ஆன்ட்டி, மெதுவாச் சொன்னா. "அது விளக்கில்ல. மெழுகுதிரி."

"எரியுதுதானே?"

"என்ர மூத்தவளின்ர கல்யாணத்திலயும் ஊதினதுதான். அதுகள் நல்லாத்தான் இருக்குதுகள்."

"அது உங்கட வழக்கம்."

"இதுவும் எங்கட சேர்ச்தானே!"

அதோட ரெண்டு பேருக்கும் கதை நிண்டது. டிலானி அழுதா. கோகுலனின்ர முகத்தில ரத்தமே இல்ல. வரேக்க வானுக்குள்ள அம்மா தீர்ப்பைச் சொல்லிப்போட்டா. "கொளுத்திறதைக் கொளுத்துவன். ஊதிற நேரம் நான் அதில நிக்க மாட்டன். இறங்கி நடந்திடுவன்."

இருநூறு பேருக்கு முன்னால!

ஏதாவது நல்லதாச் சொல்லி இவையளைச் சமாளிக்க வேணும் எண்டு நான் வாயைத் திறந்தன். வந்தது இதுதான்.

"பெரிய மெழுகுதிரி என்ர பொறுப்பு!"

ஒருத்தரும் கேக்கேல்ல. அதால ஒண்டும் தீரப்போறதும் இல்ல. ஆனாச் சொல்லிப்போட்டன்.

சரி, சனிக்கிழமைக்கு வருவம். கல்யாணம் பத்தரைக்கு. காலமை ஏழரைக்கு பம்பலப்பிட்டியில, வீட்டில வச்சு மெழுகுதிரி செய்யிற அக்காட்டப் போய் எடுத்தன். வடிவெண்டா அப்பிடி ஒரு வடிவு! என்ர முழங்கை நீளம். சுத்திவர வெள்ளைப் பூ. நடுவில தங்க எழுத்தில 'கோகுலன் – டிலானி'.

"வெயில் படாமல் வச்சிருங்கோ" எண்டா அந்த அக்கா.

"ஓம் ஓம்" எண்டன். இந்த 'ஓம் ஓம்' என்ர வாய் தன்ர பாட்டில சொல்லிறது. காதுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல.

பெட்டியைக் கார்ச் சீட்டில வைக்கப் பயம். பிரேக் அடிச்சா உருண்டு விழும். அதால பின்கண்ணாடிக்குக் கீழ இருக்கிற தட்டில பத்திரமா வச்சன். பிறகு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து சலூனுக்குப் போனன், சாறி உடுத்த.

"அரை மணித்தியாலம்தான் மிஸ்" எண்டினம். சலூன்காரர் சொல்லிற அரை மணித்தியாலம் உங்களுக்குத் தெரியும்தானே.

ஒன்பதேகாலுக்கு வெளிய வந்தன். கொண்டையில பூ, காஞ்சிபுரம், எல்லாம் அந்த மாதிரி. கார்க்கதவைத் திறந்தா உள்ளுக்குப் பாண் சுடுற போறணை மாதிரி ஒரு வெக்கை. பெட்டியைத் திறந்து பாத்தன்.

மெழுகுதிரி வளைஞ்சு போய் இருக்கு!

கொஞ்சம் எண்டில்ல. கும்பிடு போடுற ஆள் மாதிரி, இடுப்பில இருந்து அப்பிடியே குனிஞ்சு.

மெழுகுதிரி அக்காவுக்குக் கோல் எடுத்தன்.

"அக்கா, அது கொஞ்சம்... சரிஞ்சிட்டுது."

"வெயில்ல வச்சனீங்களோ?"

"இல்ல, காருக்குள்ள."

"கார் எங்க நிண்டது?"

"...வெயில்ல."

ஒரு பெருமூச்சு கேட்டுது. "சூடு ஆற முதல் கையால நிமித்துங்கோ. நிமித்தின உடன ஐஸ்ல வையுங்கோ. இல்லாட்டித் திரும்பியும் சரியும்."

காலி ரோட் முழுக்க, சிக்னல் சிவப்பு விழுற ஒவ்வொரு தரமும் மடியில வச்சு நிமித்திக்கொண்டு போறன். பச்சை விழுந்து கையை எடுத்தா அது பழையபடி மெல்லமாக் குனியுது. கொள்ளுப்பிட்டியில பக்கத்து பஸ்ஸில இருந்த ஒரு மனுசி, நான் ஏதோ பிள்ளையின்ர முதுகைத் தடவுறன் எண்டு நினைச்சுச் சிரிச்சா. நானும் சிரிச்சன்.

கொட்டாஞ்சேனைக்குள்ள வரேக்க பத்து மணி. ஐஸ் எங்க எடுக்கிறது? குளிர்பானக் கடை பூட்டு. சேர்ச்சுக்கு ரெண்டு ஒழுங்கை முதல், ஒரு மீன் கடை. முன்னால பெரிய வெள்ளை ரெஜிஃபோம் பெட்டி நிறைய ஐஸ்.

காரை நிப்பாட்டி ஓடினன். காஞ்சிபுரத்தோட.

"அய்யே, அயிஸ் டிக்கக் தெனவாத?" எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில கொஞ்சம் ஐஸ் கேட்டன்.

மீன்காரர் என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தார். "தமிழ்லயே கேளுங்க தங்கச்சி. பாரை இருக்கு, சாளை இருக்கு. என்னா போடவா?"

"மீன் வேண்டாம் அண்ணை. ஐஸ் மட்டும்."

"எதுக்கு?"

"மெழுகுதிரிக்கு."

"யாருக்கு?"

பெட்டியைத் திறந்து காட்டினன். மனுசன் குனிஞ்சு பாத்தார். பிறகு தொப்பியைக் கழட்டினார். செத்த வீட்டில செய்யிற மாதிரி.

"கல்யாணத் திரியா இது? எத்தின மணிக்கு?"

"பத்தரைக்கு!"

"ஆ, குடுங்க இங்க!"

நல்ல மனுசன். ரெண்டு கையாலயும் பிடிச்சு, ஊசி மாதிரி நிமித்தி, உச்சி வரைக்கும் ஐஸுக்குள்ள செருகினார். ஆடாமல் நிக்கிறதுக்கு இந்தப் பக்கம் ஒரு பாரை, அந்தப் பக்கம் ஒரு பாரை. "பத்து நிமிசம் அசைக்காதீங்க" எண்டு சொல்லிப்போட்டு, தன்ர வியாபாரத்தைப் பாக்கத் தொடங்கினார்.

கோகுலன் கோல் எடுத்தான்.

"அக்கா, எங்க நிக்கிறாய்?"

"பக்கத்திலதான்டா. வந்திட்டன்."

அந்த நேரம் பாத்து மீன்காரர் கத்தினார். "பாரை! பாரை! இப்ப வந்த பாரை!"

அவனுக்கு அது கேட்டிட்டுது.

"அக்கா... மீன் கடையிலயா நிக்கிறாய்?"

"ரேடியோடா" எண்டு வச்சிட்டன்.

பத்து இருபத்தைஞ்சுக்கு மெழுகுதிரி நேரா வந்திட்டுது. உண்மையாவே நேர்! ரெண்டு பூவும், தம்பியின்ர பேரில 'கோ'வும் ஐஸோட போனது உண்மைதான். 'குலன் – டிலானி' எண்டு நிண்டுது. பரவாயில்ல, மாப்பிளையை எல்லாருக்கும் தெரியும்தானே.

சேர்ச் பக்கக் கதவால நுழைஞ்சு ஃபாதரின்ர கையில குடுத்தன். அவர் வாங்கினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனார்.

"இது... மீன் மணக்குதோ?"

"ஓம் ஃபாதர்."

ஏன் எண்டு கேக்கேல்ல. "ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு மீன் ஒரு ரகசிய அடையாளம், தெரியுமோ? ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் காணுறதுக்குக் கீறுவினம்" எண்டு சொல்லிக்கொண்டே, மெழுகுதிரியைத் தன்ர மூக்கில இருந்து தள்ளிப் பிடிச்சுக்கொண்டு போய் நடுவில வச்சார்.

அப்பாடா எண்டு வந்து வாங்கில இருந்தன்.

டிலானி தகப்பனின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்து வந்தா. வெள்ளைச் சாறியில அவவைக் கண்டோடன அம்மாவின்ர கண் கலங்கிட்டுது. பிறகு வாக்குறுதி. பிறகு மோதிரம். எல்லாம் ஒழுங்கா நடந்துது. எனக்கு மட்டும் ஒரே யோசினை. ஊதிற நேரம் அம்மா இறங்கி நடந்தா?

மெழுகுதிரி நேரம் வந்தது. அம்மா ஒரு பக்கம், ரெஜினா ஆன்ட்டி மற்றப் பக்கம். ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே சின்னத் திரியைக் கொளுத்திச்சினம். கோகுலனும் டிலானியும் அதை வாங்கிப் பெரிய திரியில பிடிச்சினம்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

பத்தேல்ல.

திரும்பியும் பிடிச்சினம். ஸ்ஸ்ஸ்ஸ். சின்னப் புகை ஒண்டு வந்தது. அதுவும் நிண்டுது.

மூண்டாம் தரம். இல்ல.

இருநூறு பேர் இருக்கிற இடத்தில ஃபான் சுத்துற சத்தம் மட்டும் கேக்குது. பின்வாங்கில ஆரோ, "ஐயோ, பத்துதில்ல" எண்டு குசுகுசுத்தினம். அம்மாவைப் பாத்தன். முகம் வெளிறிப்போச்சு. ஊதி அணைக்கிறது அம்மாவுக்குக் கூடாத சகுனம் எண்டா, கொளுத்தியும் பத்தாத விளக்கு என்ன சகுனம்? டிலானி கோகுலனைப் பாக்கிறா. ரெஜினா ஆன்ட்டி சிலுவை அடையாளம் போடுறா.

இனிப் பேசாமல் இருக்க ஏலாது. எழும்பி முன்னுக்குப் போனன்.

"சகுனமும் இல்ல, ஒண்டும் இல்ல. நான்தான் ஐஸ் வச்சனான்!"

ஃபாதரின்ர உடுப்பில மைக் இருந்ததை நான் கவனிக்கேல்ல. "ஐஸ் வச்சனான்... வச்சனான்..." எண்டு சேர்ச் முழுக்கக் கேட்டுது.

"ஆருக்கு ஐஸ் வச்சனி?" எண்டா அம்மா.

"மெழுகுதிரிக்கு அம்மா. வெயில்ல வளைஞ்சு போச்சு. மீன் கடையில..."

சேர்ச் சிரிக்கத் தொடங்கிட்டுது. அம்மா சிரிக்கேல்ல. விறுவிறெண்டு பெரிய மெழுகுதிரிக்குக் கிட்டப் போனா. திரியை ரெண்டு விரலால பிடிச்சுப் பாத்தா.

"திரியை நனைச்சுப்போட்டு நிக்கிறாள்!"

சாறித் தலைப்பால திரியைப் பொத்திப் பிழிஞ்சா. திருப்பி முறுக்கினா. அம்பது வருசமா ஒவ்வொரு பின்னேரமும் விளக்குக்குத் திரி போட்ட கை அது. ரெஜினா ஆன்ட்டி டிலானியிட்ட இருந்த சின்னத் திரியை வாங்கிக்கொண்டு கிட்ட வந்தா.

"உருகின மெழுகை அதில விடட்டோ? ஈரம் போயிடும்."

"ஓம், விடுங்கோ. மெல்லமா. இன்னும் கொஞ்சம் சரியுங்கோ... ஆ, காணும்."

ஒத்திகைக்குப் பிறகு ரெண்டு பேரும் கதைச்ச முதல் கதை அது.

"அந்த ஃபானை நிப்பாட்டச் சொல்லுங்கோவன்" எண்டா அம்மா.

"ஃபானை நிப்பாட்டுங்கோ!" எண்டு ரெஜினா ஆன்ட்டி பாடகர் குழுவைப் பாத்துக் கத்தினா. பிறகு மூக்கைச் சுருக்கினா. "அக்கா, உங்களுக்கும் மீன் மணக்குதோ?"

"மணக்காமல் என்ன. பெத்து வச்சிருக்கிறன் ஒண்டை."

ரெண்டு பேரும் சிரிச்சினம். அம்மா ரெண்டு கையாலயும் காத்தை மறைச்சுப் பிடிக்க, கோகுலனும் டிலானியும் திரும்பியும் கொளுத்திச்சினம். சின்னதா ஒரு நீலம். பிறகு மஞ்சள். பிறகு நல்ல வடிவா நிமிந்து எரிஞ்சுது.

சேர்ச் முழுக்கக் கைதட்டு!

ஃபாதர் தொண்டையைச் செருமினார். இப்ப ஊத வேணும். கோகுலன் அம்மாவைப் பாத்தான். அம்மா கீழ படியைப் பாத்தா.

அப்ப ரெஜினா ஆன்ட்டி சொன்னா. "ஃபாதர், இவ்வளவு பாடுபட்டுக் கொளுத்தினதை என்னத்துக்கு ஊதுவான்? எரியட்டும்."

அம்மா அவவை நிமிந்து பாத்தா. கையை நீட்டி ரெஜினா ஆன்ட்டியின்ர கையைப் பிடிச்சா. அவ்வளவுதான்.

ஃபாதர் சனத்தைப் பாத்துத் திரும்பினார். "இண்டைக்கு இதின்ர கருத்தைக் கொஞ்சம் மாத்திச் சொல்லிறன். ரெண்டு வீட்டு வெளிச்சமும் அணையேல்ல. மூண்டாவதா ஒரு வீடு வந்திருக்கு."

நான் அழுதிட்டன். சலூனில போட்ட மையெல்லாம் கன்னத்தில. படம் பிடிக்கிறவர் அதைத்தான் கிட்டவா எடுத்து வச்சிருக்கிறார்.

மத்தியானச் சாப்பாட்டில அம்மாவும் ரெஜினா ஆன்ட்டியும் ஒரே மேசை. நான் கிட்டப் போனாக் கதையை நிப்பாட்டிச் சிரிக்கினம். கதை என்னைப் பற்றித்தான். சரி, ஏதோ ஒண்டில ஒற்றுமை வந்தாக் காணும்.

வாற மாசம் பெரியம்மாவின்ர பேத்திக்குக் கல்யாணம். எனக்கும் ஒரு வேலை தாங்கோ எண்டு கேட்டன். சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாப் போதுமாம்.