ஸ்டார்போர்டும் ஸ்டெல்லா அக்காவின் சாம்பாரும்

குமணன்சாவடியில் கப்பல் போக்குவரத்தை ஒழுங்குபடுத்திய ஒரே மனிதன் எங்கள் ஸ்டார்போர்டுதான். அங்கே கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். அதனாலென்ன, எங்கள் விடுதி வராந்தாவே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

கப்பலின் வலப்பக்கத்துக்குத்தான் ஸ்டார்போர்டு என்று பெயர்; அதையே அவனுக்கும் பட்டப்பெயராக வைத்துவிட்டோம். யாராவது எதிரே வந்தால் அவன் வலப்பக்கம் ஒதுங்கி, ஒருமுறை விசிலடிப்பான். இடப்பக்கம் திரும்பினால் இரண்டு விசில். எதிராளி என்ன செய்யப்போகிறான் என்று விளங்காவிட்டால் ஐந்து. நாங்களோ பிறந்ததிலிருந்து இடப்பக்கம் ஒதுங்கிப் பழகியவர்கள். நேராக அவன் மேலேயே போய் முட்டுவோம். முட்டியதும், தப்பு எங்கள் மேல்தான் என்று விதியோடு விளக்குவான்.

மெஸ் நடத்திய ஸ்டெல்லா அக்கா கரண்டியைத் தூக்கினாலும் ஐந்து விசில்தான்.

"இன்னா நைனா, சாம்பார் வேணுமா வேணாமான்னு வாயால சொல்லேன். குக்கரு மாதிரி கூவிகினு கீறே" என்பார் அக்கா.

நான் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், அவனுடைய ரூம்மேட். அவன் கேடட்டாக, அதாவது பயிற்சி மாலுமியாகக் கடலில் பழகி, எழுத்துப் பரீட்சையும் தேறிவிட்டான். செகண்ட் மேட் என்கிற கப்பல் அதிகாரியாக, வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. மேஜை மேல் பொம்மைக் கப்பல்களை வைத்துக்கொண்டு தேர்வாளர் கேள்வி கேட்பார். நடக்கும்போது விதிகளை அருவியாய்க் கொட்டுகிறவன், நாற்காலியில் உட்கார்ந்தால் ஊமை. இரண்டு முறை அப்படித்தான் கோட்டை விட்டான். நசரத்பேட்டையிலிருந்து அவன் அப்பா போன் செய்தார்: "இந்த வாட்டியும் ஊத்திக்கினா, பாடி பட்டறையில சொல்லி வச்சிகீறேன். கம்முனு லேத்துல வந்து நில்லு."

அன்றிலிருந்து விடுதியே கடலாகிவிட்டது. கப்பலுக்கு இருப்பதுபோல் நான் இடக்கையில் சிவப்பு லைட், வலக்கையில் பச்சை லைட்டோடு மெஸ் ஹாலைச் சுற்றி வந்தேன். வாட்ச்மேன் மீன்பிடிப் படகு.

"அப்ப நான் இன்னா கப்பலு?" என்றார் அக்கா. இரண்டு கையிலும் கொதிக்கிற சாம்பார் குண்டான்.

"நீங்க, செய்யுற வேலையால வெலக முடியாத கப்பலு அக்கா. மேல செவப்பு, நடுவுல வெள்ள, கீழ செவப்பு லைட்டு போட்ருப்பீங்க. பாத்தா நாங்கதான் வழி உடணும்" என்றான் ஸ்டார்போர்டு.

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இத்தினி வருசத்துல எவன்டா எனக்கு வழி உட்டான்?" என்றார். மறுநாளே சமையலறை வாசலில் அந்த மூன்று பல்புகளும் ஏறிவிட்டன.

தேர்வன்று நான் லீவு போட்டேன். அக்கா மெஸ்ஸைத் தங்கையிடம் விட்டுவிட்டு, ஜெபமாலையோடு ஆட்டோவில் ஏறிவிட்டார். தேர்வு நடந்த ஆபீஸ் வாசலில் நாங்கள் இருவரும் காத்து நின்றோம். ஒருவழியாக அவன் வெளியே வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த மூணு லைட்டத்தான் காட்டினாரு அக்கா. இது இன்னா கப்பலு, நீ இன்னா செய்வேன்னாரு. நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்புறம் என்னியும் மீறி, 'அவங்க கையில சூடா சாம்பார் கீது சார், நான்தான் ஒதுங்கணும்'னு வந்துட்ச்சு."

"ஐயோ பாவி, அப்புறம்?"

"கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு, சிரிச்சிகினே இன்னும் சொல்லுன்னாரு. நான் எழுந்து நின்னுட்டேன். மேஜையச் சுத்திச் சுத்தி நடந்துகினே அத்தினி விதியும் சொல்லிட்டேன். பாஸ் அக்கா."

அக்கா அவன் முதுகில் ரெண்டு சாத்து சாத்திவிட்டு, அவன் தோளிலேயே சாய்ந்து அழுதார். நான் அவனைத் தூக்கப்போய் இருவரும் ரோட்டில் விழுந்தோம். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த மாதமே கப்பலேறிவிட்டான். அவன் கட்டிலுக்கு வேறு ஆள் போடட்டுமா என்று விடுதிக்காரர் கேட்டார். வேண்டாம், லீவில் வருவான் என்றேன். லீவு எப்போது என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது. போர்வையை மட்டும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.