கரண்ட் வந்ததைச் சொல்ல வந்தவர்

கரண்ட் போனதைச் சொல்லக் கரண்ட் ஆபீசுக்கு ஊரே வரும். வந்ததைச் சொல்ல வந்த ஒரே பிறவி, உலகத்திலேயே எங்கள் 'சந்தோஷம்' ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் உத்திரமேரூரில் புகார் வாங்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காலையில் தொடங்கும் வசவு சாயங்காலம் வரை ஓயாது. வீட்டுக்குப் போனால் அங்கேயும் கரண்ட் இருக்காது. மிச்சத்தை மனைவி கொடுப்பாள். காது மரத்து, மனசும் மரத்து, "பார்க்கிறோம்" என்ற ஒரே சொல்லில் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் வந்தார். முழங்கால் வரை சேறு, தோளில் மண்வெட்டி.

"நைனா, மோட்டாருக்குக் கரண்ட் வந்துச்சி."

"சரி, என்ன கம்ப்ளெயிண்ட்?"

"கம்ப்ளெயிண்ட் இன்னா கீது? வந்துச்சின்னு சொல்லத்தான் வந்தேன். சந்தோஷம்!"

மேசைமேல் ஒரு சுரைக்காயை வைத்துவிட்டுப் போய்விட்டார். கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன கரண்ட் திரும்பும்போதெல்லாம் அவரும் வந்தார். எங்கள் லைன் லட்சணத்துக்கு, கிட்டத்தட்ட தினமும் வந்தார். கத்தரிக்காய், முருங்கைக்காய், ஒரு தடவை உயிருள்ள சேவல். அது ஃபைல்கள் மேலெல்லாம் நடந்து கையெழுத்துப் போட்டது.

எங்கள் இன்ஜினியர் தன் நிழலுக்கே பயப்படுகிறவர். "யோவ், இது லஞ்சம்யா! எடுத்துட்டுப் போ!"

"வேலை ஆவறதுக்கு முன்ன குடுத்தாத்தான் சார் லஞ்சம். ஆனப்புறம் குடுத்தா எப்டி?"

"அடுத்த வேலைக்கு அட்வான்ஸ்!"

சந்தோஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் சேவலைக் காணவில்லை. லைன்மேன்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு கோடையில், நெல் பால் பிடிக்கும் சமயம், டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. மாற்று வருவதற்குள் கழனியெல்லாம் வெடித்துவிட்டது. ஊர் திரண்டு வந்து எங்களை உள்ளே வைத்துப் பூட்டியது. கூட்டத்தின் கடைசியில் சந்தோஷமும் நின்றிருந்தார். அவருக்கு இருந்த ஒரே கழனியும் அந்த லைனில்தான் இருந்தது.

ஒருவழியாக டிரான்ஸ்பார்மர் வந்தது. லைன்மேன்கள் உச்சிவெயிலில் கம்பத்தில் தொங்கிக் கரண்ட் கொடுத்தார்கள். இனி அவர் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே வந்து நின்றார், வெறுங்கையோடு.

"கரண்ட் வந்துச்சி நைனா. சந்தோஷம்."

"நெல்லு?"

"அது பூட்ச்சி. மாட்ட வுட்டு மேய்ச்சிட்டேன்."

"அப்புறம் எதுக்குய்யா வந்தே?" கத்தியேவிட்டேன்.

"நெல்லு பூட்ச்சின்னா, கம்பத்து மேல வெந்துகினு கெடந்த புள்ளைங்க பட்ட பாடு இல்லன்னு ஆய்டுமா? இன்னிக்குக் குடுக்கத்தான் ஒண்ணும் இல்ல."

இன்ஜினியர் எழுந்து வந்தார். தனக்கு வந்த டீயை அவர் கையில் கொடுத்தார்.

சந்தோஷம் விடுவாரா? "சார், இது லஞ்சம் இல்லியே?"

நான் ரிட்டயராகிப் பல வருடம் ஆகிறது. இப்போதும் போன கரண்ட் திரும்பினால் வீட்டில் எல்லோரும் நிமிர்ந்து ஃபேனைப் பார்ப்பார்கள். நான் வாசலைப் பார்க்கிறேன்.